வெறும் ஸ்ட்ரா

செவ்வாய். விடாத மழை.

எல்லாம் நான் வாங்கிய ஸ்ட்ராவால் வந்த வினை. எங்கள் ஆய்வகத்தில் அருமண் பாஸ்பேட் என்ற வேதிப்பொடியை இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் அடைத்துத்தான் காந்தத்தன்மையை அளக்கிறோம். பழைய கட்டு தீர்ந்ததும் சாலைக் கடைத்தெருவில் புதுக் கட்டு வாங்கிவந்தேன். அன்றிலிருந்து பொடியில் யாரும் எதிர்பாராத ஒரு சிறு காந்தம் தெரிந்தது. மூன்று மாதமாக அதற்குக் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஏதோ சந்தேகத்தில் வெறும் ஸ்ட்ராவை அளந்தேன். அதே காந்தம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

சொல்ல வாயெடுப்பதற்குள், கூட ஆய்வு செய்யும் மீனா லட்டு நீட்டினாள். இன்றுதான் தீசிஸ் கொடுத்தாளாம்.

“உன் ஸ்ட்ரா ராசியாக்கும், கேட்டோ. அதுல அளந்தபிறகுதானே என் பொடியிலயும் காந்தம் வந்துது! அதுதானே என் தீசிஸே!”

லட்டைத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.