மகளின் வயிற்றில் இரண்டு விருந்தாளிகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தேதியை யாரிடமும் கேட்கவில்லை. காலண்டரைப் பார்த்து நானே எழுதினேன். எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஒன்பது மாதம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். 'ழ' சரியாக வந்துவிட்டால் எனக்கு நானே கை தட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ஆனால் இன்று பயத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகளுக்கு மூன்றாம் மாதம். ஆறு வருடம் முன்பு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், என்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். பெற்ற அப்பனுடையதுதான். ஆனாலும் அவள் உடம்புக்கு அது வேற்றாள். விட்டால் அடித்துத் துரத்திவிடுமாம். துரத்தாமல் இருக்கத்தான் காலையும் மாலையும் மாத்திரை.

பெற்ற அப்பனையே சேர்த்துக்கொள்ளாத உடம்பு, அந்தச் சின்ன உயிரை மட்டும் விட்டுவைக்குமா?

பிப்ரவரி 13, வியாழன்

சிறுநீரக டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா சிரித்தார்.

"நல்ல கேள்விதான் ஐயா. குழந்தை பாதி இவங்க, பாதி உங்க மாப்பிள்ளை. கணக்குப்படி வெளியாள்தான். ஆனா கருப்பைக்குள்ள சட்டம் வேற."

நஞ்சுக்கொடி குழந்தையுடைய பொருளாம். தாயின் சதையோடு ஒட்டும் இடத்தில் அது அப்பன் வழி அடையாளத்தைப் பெரும்பாலும் மறைத்துக்கொள்ளுமாம். 'நான் சண்டைக்கு வரவில்லை' என்று ஒரு பொது அடையாளத்தை மட்டும் காட்டுமாம். அங்கே காவலுக்கு நிற்கும் அணுக்கள் அடிக்காதது மட்டுமில்லை, குழந்தைக்கு ரத்தம் போகும் குழாய்களை அகலப்படுத்தியும் கொடுக்குமாம். சண்டைக்கார அணுக்களை அடக்குவதற்கென்றே வேறு சில அணுக்கள் அந்த நேரத்தில் பெருகுமாம்.

"அப்ப குழந்தை தங்குறதுக்கு மாத்திரை வேண்டாமா?"

"குழந்தைக்கு வேண்டாம். உங்க சிறுநீரகத்துக்குத்தான் வேணும். அதுக்கு நஞ்சுக்கொடி கிடையாதே!"

பிப்ரவரி 14, வெள்ளி

ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன், எனக்கு இன்னும் மாத்திரை போட்டால்தான் இடம். நேற்று வந்தவனுக்கு விருந்து! மாப்பிள்ளையிடம் சொன்னேன். லேத் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் செருப்பைக் கையில் பிடித்தபடியே சிரித்தார். "மாமா, பேரப்பிள்ளையோட போட்டியா?" என்றார்.

நானும் சிரித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை. ஏழு நாளுக்கு ஏழு அறை. படிக்கத் தெரியாத காலத்திலும் நான்தான் நிரப்பினேன். பேருந்துப் பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் வண்டி கழுவியவன் நான். எண் தெரியாது, நசுங்கலைப் பார்த்தே எந்த வண்டி என்று சொல்வேன். அதேபோல மாத்திரையை நிறத்தை வைத்தும் வடிவத்தை வைத்தும் பிரிப்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

இன்று மருந்துக் கடையில் மஞ்சள் மாத்திரையோடு ஒரு தாள் கொடுத்தார்கள். இந்த மாத்திரை கர்ப்பத்துக்கு முன்னால் டாக்டரம்மா புதிதாக மாற்றிக் கொடுத்தது. இத்தனை வருடமாக இப்படித் தாள் வந்தால் கசக்கித்தான் போடுவேன். இன்று படித்தேன். நானே படித்தேன்! ஒரு மணி நேரம். முதலில் சந்தோஷம்தான்.

கடைசிப் பத்தியில் கறுப்பாகப் போட்டிருந்தது. 'கர்ப்பிணிகள் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். கருவுக்குத் தீங்கு விளையலாம்.'

மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

தூக்கமில்லை. குழந்தைக்கு மாத்திரை வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொன்னாரே. அப்புறம் யாருக்காக இந்த விஷம்? எனக்காகத்தானே? என் துண்டுச் சதை தங்குவதற்காக அந்தப் பிஞ்சு சாகணுமா? மகளிடம் கேட்டால் பயந்துவிடுவாள். டாக்டரிடம் கேட்டால் — டாக்டருக்குத் தெரியாததையா அச்சடிப்பார்கள்? தெரிந்தே கொடுப்பவர் நிறுத்தவா சொல்வார்?

போனால் என்னுடையதுதானே, போகட்டும்.

பெட்டியிலிருந்து மஞ்சள் மாத்திரையை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒன்றுதானே. மற்றது இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

"அப்பா, மூணு நாளா மஞ்சள் காணோம்?"

"டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்க. நீ அப்ப ஸ்கேனுக்குப் போயிருந்த."

"ஓ" என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தாள். அவ்வளவுதான். அப்பா சொன்னால் அவளுக்குப் போதும்.

என் மகளிடம் நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. இல்லை, ஆபரேஷனுக்கு முன்னால் வலிக்காது என்று சொன்னேன். இது இரண்டாவது.

மார்ச் 1, சனி

அவள் கொலுசைக் கழற்றி வைத்திருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது. கர்ப்பத்தில் வீங்குவது சகஜம்தான் என்கிறாள்.

சகஜம்தானா?

மார்ச் 4, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். அது ஏறினால் சிறுநீரகம் தவிக்கிறது என்று பொருள். எப்போதும் 1.2 இருக்கும். இன்று 2.1. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாத்திரை எதையாவது விட்டீங்களாம்மா?" மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு வேளைகூட விடல டாக்டர். அப்பாதான் எடுத்து வைக்கிறாரு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நடையில் ஜன்னல் பக்கம் நின்றேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். நான் செய்தது சரிதான் என்று அது இன்னொரு தடவை சொல்லட்டும் என்று வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துக்குப் பின்னால் எழுத்து தெரிந்தது.

தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்திருக்கிறது. மாலை வகுப்பில் கரும்பலகையைத்தான் படித்தோம். கரும்பலகைக்கு ஏது பின்பக்கம்?

'ஆயினும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், கர்ப்பக் காலத்திலும், மருத்துவர் சொல்லாமல் இம்மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து.'

உள்ளே போனேன். சொன்னேன். எல்லாவற்றையும்.

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலை. "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். "பதினொண்ணு" என்றேன். "ஐயா, பத்து மாசமும் அந்தக் குழந்தைக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் தர்றதே உங்க சிறுநீரகம்தான். அது போனா குழந்தை எங்க போகும்? மருந்தால வர்ற ஆபத்து கொஞ்சம், மருந்து இல்லாம வர்றது ரொம்ப. எடை போட்டுத்தானே கொடுத்தேன்?"

"போனா என்னோடதுதானேன்னு நெனைச்சேம்மா" என்றேன் மகளைப் பார்த்து.

அவள் அழவில்லை. "அது உங்களோடது இல்லப்பா. என்னோடது. ஆறு வருஷம் முன்னாடியே கொடுத்துட்டீங்க."

மார்ச் 5, புதன்

வார்டில் சேர்த்துவிட்டார்கள். மூன்று நாள் ஊசி. குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு கருவி வைத்துக் கேட்கிறார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஓடட்டும். நிற்காமல் ஓடட்டும்.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம் மனுஷன்.

மார்ச் 8, சனி

1.9.

மார்ச் 9, ஞாயிறு

1.9. இறங்க மாட்டேன் என்கிறது. ஏய், ஏறுறதுக்கு மட்டும் தெரியுதா உனக்கு? உள்ள இருக்கிறது என் சதைதானே, நான் சொன்னா கேட்க மாட்டியா? — இதையெல்லாம் யாரிடம் கேட்கிறேன்.

மார்ச் 12, புதன்

1.5!

மூன்று எழுத்துகூட இல்லை இது. ஒரு எண், ஒரு புள்ளி, ஒரு எண். படித்ததிலேயே நல்ல வாசகம்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. 1.4. இனி இதுதான் இவளுக்கு வழக்கமான அளவாக இருக்கும் போல, பழைய 1.2 வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. அந்தப் புள்ளி இரண்டு நான் எடுத்தது.

மாத்திரைப் பெட்டி இப்போது அவள் அலமாரியில். பூட்டு போட்டிருக்கிறாள். சாவி அவள் கழுத்தில். சரிதான்.

ஏப்ரல் 16, புதன்

பேசுகிறாள். "சாப்பிட்டீங்களா", "கதவைச் சாத்துங்க". அதற்கு மேல் இல்லை. வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வகுப்புக்குப் போகாதது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "பாதி படிச்சதாலதான் இவ்வளவும். இப்பப் போய் மீதியை விடுறீங்களா?" என்று நோட்டை மடியில் எறிந்தாள். கோபம்தான். ஆனாலும் ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாக அவள் பேசி ஏழு வாரம் ஆகிறது.

மே 19, திங்கள்

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. முன்னால், அடிவயிற்றில் வலது பக்கம், கருப்பைக்குப் பக்கத்து வீடுபோல வைக்கிறார்கள். இன்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் "ஆ" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது.

"என்னம்மா? வலியா?"

"உதைக்குது. வேற எங்கேயும் இல்ல, உங்க பக்கமே பார்த்து உதைக்குது."

"உதைக்கட்டும். பட வேண்டியதுதான்" என்றேன்.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சோற்றுக் கையை வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. நாளைக் காலை அறுத்து எடுக்கிறார்கள், இன்னும் நாள் இருக்கும்போதே. கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். மாப்பிள்ளை போட்டார். நான் பக்கத்தில் நின்று கடைசி எழுத்து வரை படித்தேன். படித்ததால் பயம் குறையவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

ஜூலை 28, திங்கள்

பெண். இரண்டு கிலோ முந்நூறு கிராம். இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

குழந்தை எடை பிடிக்கச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஐந்து சொட்டு. இத்தனை நாளும் மகள்தான் கொடுத்தாள். நான் அந்தச் சீசாவைத் தொட்டதுகூட இல்லை.

இன்று விடிய விடிய குழந்தை அழுகை. காலையில் மாப்பிள்ளை வேலைக்குப் போனதும், மகள் குழந்தையை என் மடியில் போட்டாள். சீசாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அஞ்சு சொட்டுப்பா" என்றாள்.

நான் எண்ணுவதை அவள் பார்ப்பாள் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.