கதவோரம் தொங்கும் கயிறு

என் ஈரக்குலையே,

உன் அண்ணன் மகன் அய்மன் பள்ளிக்கே முதலாவதாகத் தேறினான். அவன் தங்கை ரீஹாம் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். உன் மகள் நுஹைலாவோ கணக்கில் ஊரையே அசத்திவிட்டாள்!

வீட்டில் எல்லோர் உயரத்துக்கும் கயிறு வெட்டி வரச் சொன்னாராம் டீச்சர். ஸ்பெயினில் இருக்கும் உன்னை எப்படி அளப்பது? அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கு என்ன தெரியும்! அவளோ, நம் வாசல் கதவோரம் நீ நிற்கும் போட்டோவில் கொண்டைக்கடலையை அடுக்கினாள். கதவுக்குப் பத்து, உனக்கு எட்டு. பிறகு நிஜக் கதவின் உயரத்துக்குக் கயிறு எடுத்து, பத்தாக மடித்து, எட்டு மடிப்பு நீளத்துக்கு வெட்டிவிட்டாள்.

"உங்கம்மாவுக்குப் பதிலா கயிறுதான் வந்திருக்கா?" என்று வகுப்பில் ஒருத்தி கேலி செய்தாளாம். அவளுடைய அம்மா உன்னோடு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனவள்தான். பழம் முடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். நீ மட்டும் ஏன் வரவில்லை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

கயிற்றைக் கதவோரம் ஆணியில் மாட்டியிருக்கிறாள். தினமும் அதையொட்டி நிற்கிறாள். இன்னும் ஒரு சாண்தான்.

"பாட்டி, நான் இதைத் தாண்டறதுக்குள்ள அம்மா வந்துருவாங்கல்ல?"

நான் என்ன செய்வேன்? அவள் பள்ளிக்குப் போனதும் ஆணியைப் பிடுங்கிச் சற்று மேலே அடித்தேன். வந்த வேகத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"பாட்டி, அம்மா கால் தரையில படலையே!"

புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, கண்ணே. ஏதாவது ஒரு கதவோரம் நின்று எடு. அந்தக் கதவின் உயரத்தையும் எழுது.

உன் அம்மா