குழி வெட்டாத தெய்வம்

உமது சாம்பலின் ஒரு பகுதி வரும் திங்கட்கிழமை மயானத்தில் புதைக்கப்படும். இன்று காலை தொலைபேசியில் உமது மகள் உறுதிப்படுத்தினாள். போய் நிற்க ஓரிடம் வேண்டும் என்கிறாள். நேற்று அவள் தந்த உமது பழைய சித்திரக்கதைப் புத்தகம் என் மேசையில் சுருட்டு மணத்தோடு கிடக்கிறது.

எண்பதுகளில் பென்ரோஸ் பகுதியில் ஒரு புத்தகக் கிடங்கில் நீர் வேலை செய்தபோது, விற்காமல் திரும்பிவந்த புத்தகக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்துவந்தது. அட்டையில் ஹெயிட்டி நாட்டின் வூடு மத மரபைப் பார்த்து வரைந்த சாவுத் தெய்வம்: உயரத் தொப்பி, கறுப்புக் கோட்டு, வாயில் சுருட்டு, மூக்கில் பஞ்சு. அந்த வாரம்தான் உமக்கு இதய ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. ஹென்டர்சன் பகுதியில் இருந்த உமது வீட்டுச் சாமித்தட்டில், முருகனுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்துவைத்தீர்.

“இஞ்சேருங்கோ, மூக்கில பஞ்சு வைச்ச ஆளை ஆராவது சாமித்தட்டில வைப்பினமோ?” என்றார் உமது மனைவி.

“இவர் குழி வெட்டினாத்தான் ஆள் சாகுமாம். எங்களை எரிக்கிறதெல்லே? அப்ப இவரால என்னை ஒண்டும் செய்யேலாது.”

“அப்ப யமன்?”

“யமனுக்கு இஞ்ச விசா இல்லை.”

சிரித்தது நான் மட்டும். உமது மனைவி குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நீர் குரலைத் தாழ்த்தி, “ஐசே, நானும் பயத்திலதான் கதைக்கிறன்” என்றீர்.

ஆபரேஷன் அன்று புத்தகம் உமது தலையணைக்கடியில் இருந்தது. டொக்டர் எடுத்துப் பார்த்து, இது யார் என்று கேட்டார். எங்கள் குடும்ப வைத்தியர் என்றீர். “சுருட்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள்” என்றார் அவர், முகம் மாறாமல்.

மயக்கம் தெளிந்து நீர் கண் திறந்தபோது உமது மனைவி சொன்னது: “உங்கட ஆளுக்குச் சுருட்டு வாங்கி வைச்சிருக்கிறன்.”

அதன்பிறகு பல வருடங்கள் இருந்து பேரப்பிள்ளைகளைக் கண்டீர். போன மாதம் நித்திரையிலேயே போய்விட்டீர். உம்மால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் வேலை செய்யும் பத்திரிகைக்கு யாரைப் பற்றி இரங்கல் குறிப்பு எழுதினாலும், “எரிப்பா, புதைப்பா?” என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆசிரியருக்குக் காரணம் தெரியாது.

குழி இன்னும் வெட்டப்படவில்லை. நிலம் ஈரமாக இருந்தால் தள்ளிப்போகும். ஞாயிறு மாலை சொல்வதாக மயான அலுவலகத்தில் சொன்னார்கள். காலையிலிருந்து மழை. உமது மனைவியை அழைத்து விவரம் சொன்னேன். “அப்ப குழி இன்னும் வெட்டேல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

“நல்லாப் பெய்யட்டும், தம்பி” என்றார்.