சம்பந்தியாகப் போகிறவர் விழுந்தார்

12 பிப்ரவரி 2006, ஞாயிறு

காலையில் கடற்கரை நடைபாதையில் தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பு. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி நின்று, மெதுவாகத் தள்ளிப் பழக வேண்டும். என் ஜோடி தேவராசு. வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகனுக்கும் என் மகள் செல்விக்கும் நிச்சயதார்த்தம்.

"என்னா சம்பந்தி, வூட்ல சோறு போடலியா?" என்று சிரித்தபடி முழுப் பலத்தோடு தள்ளினார். எதிர்க்காதே, இடுப்பைத் திருப்பி வழிவிடு என்பது பாடம். மூன்று வருடமாக மாஸ்டர் என்னை மரக்கட்டை என்றுதான் கூப்பிடுகிறார். இன்றைக்கென்று பார்த்து இடுப்பு திரும்பிவிட்டது. மனிதர் கருங்கல் தரையில் விழுந்தார். கை முறிந்து மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்த அவர் மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவார்களா என்று கேட்காமலே வீடு திரும்பினேன்.

"தள்ளிவுட்டியாப்பா?" என்றாள் செல்வி.

"இல்லம்மா, வழிதான் வுட்டேன்."

"வேணும்னு செய்யலியே?"

"சேச்சே."

ஒட்டிய கையை எந்த நிலையிலும் விடக் கூடாது என்பதும் பாடம்தான். பிடித்திருந்தால் நின்றிருப்பார். நான் விட்டேன். அவர் சாய்ந்த அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாளைக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும். சொல்லாவிட்டால் செல்வி முகத்தை எப்படி...

செல்வி கூப்பிடுகிறாள். இன்னும் தூங்கவில்லை போலிருக்கிறது.