தையல் மெசின் கம்பனியின் கார்

இஞ்சாருங்கோ,

இன்று வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கு விளக்குவதற்குப் புளி ஊறவைத்தேன். அந்த மணம் எழும்பியதும் நீங்கள் பழையபடி குசினி வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள், மிச்சப் புளியைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு.

எனக்கு விளக்கு, உங்களுக்குக் கார். டென்மார்க்கின் ஒடென்சேக் குளிரிலும் கீழே இறங்கிப் போய், காரின் முன்னால் இருந்த கம்பனிச் சின்னத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பீர்கள். "இது பித்தளை இல்லையப்பா, பூச்சுப் போயிடும்" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

"நீர் பேசாமல் இரும். ஜெர்மன்காரன்ரை வேலை, ஒண்டும் ஆகாது."

ஆனது. பூச்சும் பெயரும் போய், மொட்டை வட்டம்தான் மிஞ்சியது. உங்களுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. காரில் ஏறியவர்களுக்கெல்லாம் கம்பனியின் சரித்திரத்தை வாயாலேயே சொன்னீர்கள். முதலில் தையல் மெசின் செய்தவர்கள், பிறகு சைக்கிள், பிறகு கார். ஒருநாள் தொழிற்சாலை எரிந்துபோனது. அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவீர்கள். "தையல் மெசினை அதோடை விட்டிட்டாங்கள். ஆனால் திரும்பக் கட்டினாங்கள். முந்தியைவிடப் பெரிசாக் கட்டினாங்கள்."

யாழ்ப்பாணத்தில் எரிந்த எங்கள் கடையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இந்தக் கதையை மட்டும் அலுக்காமல் சொன்னீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கார் தகுதிச் சோதனையில் தேறவில்லை. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று மகன் டேனிஷில் சொன்னான். ஓம் என்றேன். எனக்கு ஓட்டவா தெரியும்?

நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த டேனிஷ்காரர் சின்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். இது என்ன கார் என்று கேட்டார். பெயரைச் சொல்லியிருந்தால் போதும். நானோ எனக்குத் தெரிந்த டேனிஷில் உங்கள் கதையைத் தொடங்கிவிட்டேன். தையல் மெசின், சைக்கிள், கார். எல்லாம் எரிந்துபோனது என்றேன்.

"பிறகு?" என்றார் அவர்.

மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவர் சின்னத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

அது இப்போது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. புளி ஊறிவிட்டது, தேய்க்கத்தான் மனமில்லை. நீங்கள் இல்லாமல் நான் எதைத் திரும்பக் கட்டுவேன்? உங்கள் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம். எரிந்தது வரைக்கும்தான் சொல்ல வருகிறது.