மணியை நிப்பாட்டுவது எப்படி

இன்று காலை அந்தப் புள்ளி வட்டம் மறுபடியும் வந்தது.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருள், கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை மறுபக்கமுமாகப் பிய்த்து வைத்துவிட்டு, இடையில் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஒரு வட்டம் போடுமே, அதுதான். நீங்கள் அதற்கு வடை என்று பெயர் வைத்திருந்தீர்கள். "சுகந்தி, இஞ்ச வாங்க, இதிலயும் வடை சுட்டு வெச்சிரிக்காங்க" என்று கதிரையைத் திருப்பிக்கொண்டு கூப்பிடுவீர்கள்.

இன்றைக்கு வடை விழுந்தது ‘வெப்பநிலை’ என்ற சொல்லில். மீன் வைக்கும் குளிரறைகளுக்கு மென்பொருள் செய்து விற்கிற ஒரு நிறுவனத்துக்கு அதைவிட முக்கியமான சொல் வேறு என்ன இருக்கிறது? கொழும்பிலிருந்து வந்த விற்பனைக்காரர் சுவரில் படம் விழுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். உதவிப் பக்கங்களை எழுதித் தொகுப்பதற்கு ஒரு புதிய மென்பொருள். நிறம் மாறுகிறது, பக்கங்கள் வழுக்கிக்கொண்டு வருகின்றன, கேள்வி கேட்டால் தானே பதில் சொல்கிறது. நான் கையை உயர்த்தி, "அந்தத் தமிழ்ச் சொல்லைப் பாருங்கோ, உடைஞ்சிருக்கு" என்றேன். அவர் வாய் திறக்க முதலே நிறுவனத்தை நடத்தும் எங்கள் சேர் முந்திக்கொண்டார்.

"அது சின்ன விசயம், சுகந்தி. பிறகு சரிப்படுத்தலாம். மற்றதெல்லாம் வடிவாத்தானே இருக்குது?"

பிறகு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையில் முன்பு நாம் இருவரும் இருந்த பக்கத்தில் நான் தனியே இருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, அவரை விடாமல் பிடித்திருப்பீர்கள். எனக்கு அது வராது. முதலில் குரல் உயரும், அடுத்ததாகக் கண் கலங்கும், அதன்பிறகு நான் சொல்வதை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இரும்புக்கடைக்கு மேல்மாடியில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்றும் கடையின் கம்பி வெட்டும் சத்தமும் சேர்ந்து வரும் அந்த அறையில், இதே வேலைக்காக நாம் முதன்முதல் அமர்ந்தது நினைவிருக்கிறதா? நான் உதவிப் பக்கங்களை எழுதுகிறவள். நீங்கள் வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்கிறவர். அதுவரை எல்லாவற்றையும் சாதாரண ஆவணங்களாகத்தான் வைத்திருந்தோம். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மென்பொருளில் ஒரு பொத்தானின் பெயர் மாறினால் மூன்று மொழியிலும் எங்கெங்கு அந்தப் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் தேடித் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று தப்பிவிடும். இப்படியே போனால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று சேரிடம் சொன்னேன். ஒரு இடத்தில் எழுதினால் திரைக்கும் போனுக்கும் அச்சுக்கும் தானாகப் போய்ச் சேரும் கருவிகள் இருக்கின்றன, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்று அவர் நம் இருவரிடமும் பொறுப்புக் கொடுத்தார்.

நான் ஒவ்வொன்றும் என்னென்ன செய்யும் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றையும் வாசிக்கவில்லை. முதல் நாள் போனில் ஆட்கள் கேட்ட கேள்விகளை அப்படியே ஒவ்வொரு கருவியின் தேடும் பெட்டியிலும் அடித்துப் பார்த்தீர்கள். கிண்ணியாவில் ஒருவர் கேட்டபடி, மூதூரில் ஒருவர் கேட்டபடி, அவரவர் பேச்சிலேயே. "எழுதுற நமக்கு லேசா இரிக்கா எண்டு பாக்காதீங்க சுகந்தி. தேடுறவங்களுக்குக் கிடைக்குதா எண்டு பாருங்க" என்றீர்கள்.

கடைசியில் இரண்டு கருவிகள் மிஞ்சின. ஒன்று பார்க்க ஒன்றுமில்லாதது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. ஆனால் தமிழ் உடையவில்லை, ‘கதவு’ என்று தேடினால் ‘கதவை’, ‘கதவுக்கு’ என்று இருக்கிற பக்கங்களையும் கொண்டுவந்தது. மற்றது நல்ல மினுக்கம். அதில் சொல் அப்படியே, ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் இருந்தால்தான் கிடைக்கும். தமிழில் எந்தச் சொல் வால் இல்லாமல் நிற்கிறது? நாம் முதலாவதையே கேட்டோம். சேர் இரண்டாவதை வாங்கினார். "கொழும்பில பெரிய கொம்பனியள் எல்லாம் இதைத்தான் பாவிக்கினம்" என்றார். நமக்குப் பொறுப்புக் கொடுத்தது எதற்கென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நிலாவெளிக் குளிரறையில் அது நடந்தது. ஹோட்டல்களுக்கு மீன் கொடுக்கும் அந்த இடத்தை ரஞ்சினி பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் சல்லி என்ற கடற்கரை ஊர்க் குடும்பத்துப் பெண். ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. நம் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி அந்த எச்சரிக்கையை நீக்கினால்தான் குளிர் இயந்திரம் திரும்ப ஓடும். அது ரஞ்சினிக்குத் தெரியாது. உதவிப் பக்கத்தைத் திறந்து ‘மணியை நிப்பாட்ட’ என்று அடித்தா. ஒன்றும் இல்லை என்றது. ‘எச்சரிக்கையை’ என்று அடித்தா. அதற்கும் இல்லை. ஏனென்றால் நான் எழுதிய பக்கத்தின் பெயர் ‘எச்சரிக்கை மீளமைப்பு’. அந்த ஓர் ஐகாரம் கூடியதற்காக மென்பொருள் கையை விரித்தது. உடனே நமக்குப் போன் எடுத்தா. போன்கள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லி, உதவிப் பக்கத்தின் தலைப்புக்கு நீலமா பச்சையா நல்லது என்று சேர் நம்மை இருத்திக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நீங்கள் வெளியே வந்து போனைப் பார்த்து, திரும்ப எடுத்து, எந்தப் பொத்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் பாரையும் சூரையும் அரைவாசிக்கு மேல் இளகிவிட்டன.

குளிரறைக்காரர் ரஞ்சினியை நிறுத்தப்போவதாகச் சொன்னார். சேர் நம் பக்கத்து அறிக்கையில் ‘பாவனையாளரின் பிழை’, அதாவது ரஞ்சினியின் பிழை, என்று போடச் சொன்னார். நீங்கள் போடவில்லை. நிலாவெளிக்குச் சேர் நம் இருவரையும் கூட்டிக்கொண்டு போன அன்று, அந்த மீன் வாடை அடிக்கும் அறை வாசலில் குளிரறைக்காரருக்கு முன்னாலேயே நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் புள்ள சரியாத்தான் தேடியிரிக்கா. நம்மடதான் பதில் சொல்லல்ல. உதவி எண்டு பேரை வெச்சிட்டு, ஆள் வந்து கேக்கக்குள்ள இல்லை எண்டு சொன்னா அது யார்ர பிழை?"

சேர் முகம் கறுத்துப்போனார். ரஞ்சினியின் வேலை தப்பியது. உங்களோடு அவர் பல வாரங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தக் கருவியை மாற்றவும் இல்லை. உரிமம் எடுத்தாயிற்று, முடியும்வரை அதுதான் என்றார்.

இனி வருவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கருவியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், வாசிப்பவருக்குத் தெரியாமல், தேடுசொற்கள் போடுகிற ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் நீங்கள் கையால் சொற்களைப் போடத் தொடங்கினீர்கள். கதவு, கதவை, கதவுக்கு, கதவில. மணி, மணியை, மணிய நிப்பாட்ட, மணி நிக்குதில்ல. பக்கம் பக்கமாக. பகலில் போன் விடாது என்பதால் வேலை முடிந்த பின் இருந்து. கிண்ணியாவுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்பீர்கள். நான் "இது மிஷின் செய்யவேண்டிய வேலை, நீங்கள் ஏன் செய்யிறியள்?" என்று கேட்டால், "மிஷினுக்கு ஏலாதாம். எனக்கு ஏலும்" என்பீர்கள்.

அந்த மாதங்களிலேயே உங்களுக்கு வருத்தம் தொடங்கியிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவதை நான் பார்த்தேன். கேட்டபோது வாய்வு என்றீர்கள். மருந்து எடுக்கப் போனபோது பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் இறந்த அன்று மையத்து வீட்டுக்கு நான் கிண்ணியா வந்தபோது உங்கள் கணவர் என்னைக் கண்டதும் முற்றத்துக்கு வந்து சொன்னார், "கடைசி வரைக்கும் ஒபிஸ் கதைதான் தங்கச்சி. அந்தச் சொல் போடுற வேல முடியல்ல எண்டு சொல்லிச் சொல்லி இரிந்தா." பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. உங்கள் மேலும்தான். ஒரு மலிவான தேடும் பெட்டி செய்யாத வேலைக்கு நீங்கள் உங்கள் நல்ல பொழுதுகளைக் கொடுத்தீர்கள். நோவைச் சொல்லவும் இல்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இப்போது அந்த உரிமம் முடிகிறது. அதனால்தான் இன்றைய கூட்டம். வடையை விட்டுவிட்டு விற்பனைக்காரரிடம் வேறொன்று கேட்டேன். "பழைய பக்கங்களைக் கொண்டுவரேக்க, அதுகளுக்குப் பின்னால இருக்கிற தேடுசொல்லெல்லாம் வருமோ?"

"அது வராது மிஸ்," என்றார் அவர். நல்ல பிள்ளைபோலத்தான் சொன்னார். "இதில அது தேவையில்லை. இது தானே விளங்கிக்கொண்டு தேடும்."

நீங்கள் போட்ட அவ்வளவும் ஒரு சொடுக்கில் போய்விடும் என்று அர்த்தம். சேர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் குரல் உயரப்போவது எனக்குத் தெரிந்தது. அதனால் போனை எடுத்து ரஞ்சினிக்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"ரஞ்சினி, இப்ப மணி அடிக்குது எண்டு வையுங்கோ. உதவியில என்னெண்டு தேடுவியள்?"

"என்னக்கா, சோதினையோ?" என்று சிரித்தா. பின்னால் ஐஸ் கொட்டுகிற சத்தம் கேட்டது. "மணி நிக்குதில்ல எண்டுதான் அடிப்பன். வேற என்னெண்டு அடிக்கிறது?"

"இதை அடியுங்கோ," என்றேன் விற்பனைக்காரரிடம். அவர் அடித்தார். புதிய மென்பொருள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கணினியின் நேரத்தை மாற்றுவது எப்படி என்று ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தது. ‘மணி’ என்றால் அதற்கு மணிக்கூடு. அடுத்ததாக என் கணினியில் பழையதைத் திறந்து அதே சொற்களை அடித்தேன். முதலாவதாக வந்தது எச்சரிக்கை மீளமைப்பு. சேர் எழும்பி வந்து என் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது எப்பிடி இதில வருது?" என்று கேட்டார்.

உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது! உங்களுக்குச் சம்பளம் கொடுத்த மனிதருக்கு, நீங்கள் அத்தனை மாதம் இருந்து செய்தது என்னவென்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நான் நினைத்த மாதிரி முழுதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. தமிழுக்கும் சிங்களத்துக்கும் நாம் முதலில் கேட்ட வெறும் வெள்ளைக் கருவியையே வாங்கலாம் என்று சேர் முடிவு செய்தார். ஆங்கிலத்துக்கு இந்தப் புதியது, ஏனென்றால் அவருக்கு அந்த மினுக்கத்தை விட மனமில்லை. இனி இரண்டு கருவிகளில் இரட்டை வேலை. வெள்ளைக் கருவி வால் முளைத்த சொற்களைத் தானே கண்டுபிடித்துவிடும், ஆனால் ‘மணி’ என்றால் எச்சரிக்கை என்று அதற்கும் தெரியாது. உங்கள் சொற்கள் அதற்கும் வேண்டும், கையால்தான் மாற்ற வேண்டும். ஆத்திரத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஒன்று சொன்னேன், குரல் உயரவில்லை. "சேர், இதை நான் தனிய இருந்து செய்யமாட்டன். வேலை முடிஞ்ச பிறகும் செய்யமாட்டன். வேலை நேரத்தில, எல்லாரும் இருந்து செய்வம். நீங்களும்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் உண்மையாகவே வந்து என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். சொற்களைப் படியெடுக்கப் பழைய கருவியில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இஞ்ச ‘எச்சறிகை’ எண்டு இருக்குது. எழுத்துப் பிழையெல்லோ? அழிக்கட்டோ?"

"கை வைக்காதேங்கோ, சேர். பதட்டத்தில ஆக்கள் அப்பிடித்தான் அடிப்பினம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பதில் என்னுடையதல்ல, உங்களுடையது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இப்போது எதை எழுத இருந்தாலும், மணி அடித்துக்கொண்டிருக்க அவசரமாகத் தேடப்போகிற ஒருவரின் முகம் முதலில் வருகிறது. அது நீங்கள் தந்தது, வைத்துக்கொள்கிறேன். ஆனால் நோவை வாய்வு என்று மறைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தீர்களே, அதை மட்டும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்குப் பாதிப் பக்கங்களும் முடியவில்லை. ஐந்து மணிக்குக் கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.