கட்டைவால் செத்தது பூஞ்சைப் புல்லால் அல்ல

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பத்து மாடுகளும் சுகம். பதினொன்று என்று எழுதியே பழகிய கை, இந்த முறை கட்டைவால் பசுவைக் கழித்துப் பத்து என்று எழுத வேண்டியிருக்கிறது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பல் செட்டு செய்யும் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாய், கழுத்து வலிக்கிறது என்றாயே, தலையணையை மாற்று, மாத்திரையை விழுங்காதே.

போன வாரம் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா, பூஞ்சை புடிச்ச புல்லையா மாட்டுக்குப் போட்டே?" என்றாய். கேட்டது தப்பில்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டாய் பார், அதுதான் எனக்கு ஆகவில்லை. முப்பத்தோரு வருடமாக மாடு வளர்க்கிறவளிடம் அப்படிக் கேட்கும்படி உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று உடனே தெரிந்துவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் மாமா பக்கத்து அறையில் இருந்தான், எனக்கு வாய் தடித்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி படி.

உன் மாமா, ஊரெல்லாம் ரேடியோ என்று கூப்பிடும் என் அருமைத் தம்பி, விதைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தது உனக்குத் தெரியும். இருபது வருடம் விதைப் பாக்கெட் விற்றான், ஒரு விதையை மண்ணில் போட்டவனில்லை. சோப்பு விற்றவன் குளித்துவிட்டான் என்று அர்த்தமா? ஆனால் இந்த வட்டாரத்துக்கே இப்போது அவன்தான் விவசாயம் சொல்லிக்கொடுக்கிறான். ஒரு வைக்கோல் தொப்பி வாங்கியிருக்கிறான், ஒரு குச்சியில் போனை மாட்டிக்கொண்டு வயலில் நின்று பேசுவான், நானூறு பேர் பார்க்கிறார்கள். அந்த நானூறில் நீயும் ஒருத்தி, நீ போட்ட கட்டைவிரலை நான் பார்த்தேன்.

கோடை முடிகிறபோது ஏழு வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. மேய்ச்சல் நிலம் சவரம் செய்த கன்னம் மாதிரி ஆகிவிட்டது. தீவனச் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்று கருகிப்போனது. இருந்த ஒரே ஆறுதல் மேல்வயலில் இரண்டாம் முறை அறுத்துப் போட்ட புல், அது காய்ந்து கிடந்தது. மேற்கே வானம் கலங்குகிறது, இன்றைக்கே கட்டிக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம் என்றேன் உன் அப்பாவிடம். ரேடியோ குறுக்கே வந்து போனைக் காட்டினான். "அக்கா, மூணு நாளைக்கு வெயில்தான். இன்னும் ஒரு நாள் காயட்டும், சத்து கூடும்" என்றான். உன் அப்பா வழக்கம்போல "ம்" என்றார். அந்த "ம்"முக்கு எந்தப் பக்கமும் அர்த்தம் எடுக்கலாம், அவன் அவன் பக்கம் எடுத்துக்கொண்டான். மறுநாள் விடியும்போது பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. புல் முழுக்கக் கறுத்து, கையில் எடுத்தால் சாணி மாதிரி பிசுபிசுத்தது. அதை மாட்டுக்குப் போடவில்லை, உருளைக்கிழங்கு வயலின் ஓரத்தில் உரத்துக்குக் குவித்தோம். குவித்ததில் பாதியை அவனும் சுமந்தான், அதனால் பூஞ்சைப் புல் எங்கே போயிற்று என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்.

மழை நின்றதும் ஆற்றோர மேய்ச்சல் சேறாகிவிட்டது, மாடு நடந்த இடமெல்லாம் குழி. குளம்பு இடுக்கில் புண் வராத மாடு இந்த வட்டாரத்திலேயே இல்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுக ஆரம்பித்துவிட்டது, உன் அப்பா தினமும் போய்த் தோண்டித் தோண்டி நல்லதைப் பொறுக்கினார். முளைத்த புல்லும் வெறும் தண்ணீர், தின்ற மாடெல்லாம் கழிச்சலில் பீய்ச்சியடித்தது, பால் பாதியாகிவிட்டது. இந்த லட்சணத்தில் விவசாயிகள் சங்கத்திலிருந்து வழவழ காகிதத்தில் இலையுதிர் கால ஆலோசனை என்று ஒன்று வந்தது. ஈர நிலத்தில் கால்நடைகளை மேய்க்க வேண்டாமாம். கூரை மேல் மேய்க்கட்டுமா என்று கேட்டு எழுதலாம் என்றிருந்தேன். மழைக்கு முன்னால் எழுதிய காகிதம் மழைக்குப் பின்னால் வந்து சேருகிறது, அதை எழுதினவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி.

பிறகு ஐந்து நாள் நல்ல வெயில். கருகிக் கிடந்த சோளம் அடியிலிருந்து குபுகுபுவென்று பச்சைக் குருத்து விட்டது. பார்க்க அழகுதான். ஆனால் வாடி நின்ற சோளம் மழைக்குப் பிறகு விடுகிற இளங்குருத்து விஷம், மாடு நாலு வாய் தின்றால் போதும், மூச்சு நின்றுவிடும். நெஞ்சு உயரம் வளர்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் மாட்டை விடலாம். இது நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனிடமும் சொன்னேன், ஒரு முறை அல்ல, மூன்று முறை. அவன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பழைய ரகம் அக்கா, இது கம்பெனி ரகம்" என்றான். நான் வேலிக்கதவைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை குளம்புப் புண்ணுக்கு மருந்து வாங்க நான் டவுனுக்குப் போனேன். மதியம் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது, வேலிக்கதவு திறந்து கிடக்கிறது, மாடெல்லாம் சோளத்துக்குள் நிற்கிறது, நடுவில் தொப்பியும் குச்சியுமாக இவன். "பச்சை வந்தாச்சு, தைரியமா மாட்டை விடுங்க" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் கட்டைவால் நாக்கைத் தொங்கவிட்டுத் தள்ளாடுகிறது, அதுகூட அவன் கண்ணில் படவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தது போனில் தெரிந்த தன் முகத்தை. நான் மருந்துப் பையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கிழங்கு வயலிலிருந்து உன் அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். ஏழு மாட்டை அடித்து விரட்டி வெளியே தள்ளினோம், நாலு அங்கேயே விழுந்துவிட்டது. வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், மூச்சு துருத்தி மாதிரி. அடுத்த பண்ணையில் குளம்புக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த மாட்டு டாக்டரம்மா கால் மணியில் வந்து சேர்ந்தார். சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொன்றுக்கும் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். மூன்று எழுந்து நின்றன. கட்டைவாலுக்குப் போட்டபோது கண் செருகிவிட்டது, வயிற்றில் ஏழு மாதக் கன்று. டாக்டரம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "மழைக்கப்புறம் சோளத்துல யாரு மாட்டை விட்டது?" என்று கேட்டார். ரேடியோவுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பேச்சு நின்றது.

நின்ற பேச்சு மறுநாளே வந்துவிட்டது. கேட்டவருக்கெல்லாம் பூஞ்சைப் புல் என்றான், உனக்கும் அதையே சொல்லியிருக்கிறான். அது என் பெயருக்குத்தானே கேடு, கிடக்கட்டும் என்று நான் மென்று விழுங்கியிருப்பேன். ஆனால் அவன் சோளத்தில் நின்று பேசியது அப்படியே போனில் ஓடிக்கொண்டிருந்தது, எல்லார் வயலிலும் அதே குருத்து, எல்லார் வீட்டிலும் தீவனம் காலி. கீழ்ப்பாதை ஆட்டுக்கார அம்மா, அதுதான் புருஷன் போன பிறகு முப்பது ஆட்டை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள், மறுநாள் காலையில் ஆட்டைச் சோளத்தில் விடப்போகிறாள் என்று கேள்விப்பட்டு சேற்றில் நடந்துபோய்ச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க தம்பி படிச்சவரு, அவரே நின்னு காட்டினாரே. கூடப் பிறந்தவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றாள். மாடு செத்தது என் வீட்டில், ஆனால் பொறாமையில் பேசுகிறேனாம். இன்னும் இரண்டு வீட்டிலும் அதே கதைதான். தொப்பி போட்டவன் சொன்னால்தான் காதில் ஏறும் போலிருக்கிறது.

ஆகவே, நான் துளியும் மதிக்காத ஒருத்தனிடம் போய் நின்று கேட்க வேண்டியதாயிற்று. நீயே அந்தப் போனில் உண்மையைச் சொல், இல்லாவிட்டால் அந்த அம்மாவின் ஆடு அத்தனையும் போகும் என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடி, "என்னை எல்லாரும் காறித் துப்புவாங்க அக்கா" என்றான். துப்பட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்றேன். முடியாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போது வாசற்படியில் நின்றிருந்த உன் அப்பா வாய் திறந்தார். "மச்சான், சொல்லலைன்னாலும் இந்த வீட்டுல உனக்குச் சாப்பாடு இருக்கும். பேச்சு இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழங்கு வயலுக்குப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை.

அரை மணி கழித்து ரேடியோ வெளியே வந்தான், தலையில் தொப்பி இல்லை. கட்டைவாலைப் புதைத்த இடத்தில் போய் நின்றான். போனை என்னிடம் நீட்டினான், நான்தான் வாங்கிப் பிடித்தேன். "கதவைத் திறந்தது நான். அக்கா மூணு தடவை வேண்டாம்னா. மாடு செத்தது சோளக் குருத்தாலதான், புல்லால இல்ல. யாரும் விடாதீங்க" என்றான். அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ஆட்டுக்கார அம்மா ஆட்டை விடவில்லை. நன்றி சொல்ல வந்தாள், யாருக்கு என்று நினைக்கிறாய்? "உங்க தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று என்னிடமே சொல்லிவிட்டு, சின்னத் தூக்கில் ஆட்டுப் பாலை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நானூறு பேர் பார்த்த இடத்தில் இப்போது நாலாயிரம் பேராம். மாட்டைக் கொன்றவனுக்கு மாலை, காப்பாற்றியவளுக்குச் சேறு. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்.

புல் இல்லாததால் குளிருக்கு முன் இரண்டு கிடாரிகளை விற்றாக வேண்டும், அதற்காக நீ அங்கே உருகாதே. சோளத்தை வளரவிட்டு அறுத்து நன்றாகக் காயப்போட்டால் மீதி மாட்டுக்குத் தை வரை தாங்கும்.

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், கண் கெடாமல், கழுத்து நோகாமல், நல்லவர்கள் நடுவில் இரு. மறக்காமல் ஒன்று செய். உன் மாமா அந்த நாளுக்குப் பிறகு போனைத் தொடவில்லை. ஆள் நாலாயிரம் வந்தும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் எழுந்து யாரும் சொல்லாமலே தொழுவத்தை வழிக்கிறான், அதையும் உருப்படியாக வழிக்கவில்லை, அவன் போன பிறகு நான் இன்னொரு முறை வழிக்கிறேன். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கிறது. நீயாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசு. என்னிடம் பேசினாயே, அந்த மெதுவான குரலிலேயே பேசு. எனக்கு அந்தக் குரல் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா